சுக்கான் பிடித்த கதை

"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டான். "கவிதை வேணுமா?" என்றேன். "கவிதை நாற்பது வந்திருக்கு, அதுல முப்பத்தெட்டு நிலாவைப் பத்தி. நீ உங்க லேப்ல நடந்த கூத்தை எழுது" என்றான். அந்தக் கூத்தில் கோமாளி வேஷம் கட்டியவன் நான்தான் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். நான் விழுந்த குழியில் அடுத்த ஆண்டு நீங்களும் விழ வேண்டாமே!

இறுதியாண்டு புராஜெக்ட்டில் நாங்கள் மூன்று பேர். நான், ஒரு ஹாஸ்டல்காரன், ஒரு டவுன் பஸ்காரன். (பஸ்காரன் காலை முதல் பீரியடில் இருந்ததாகச் சரித்திரமே இல்லை.) நூலகத்தில் கிடந்த பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றி, எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடித் தரும் ஒரு புரோகிராம் செய்வதுதான் எங்கள் திட்டம். புரோகிராம் சின்னது. ஆனால் அதை ஓட்டும் விதத்தில் கொஞ்சம் பந்தா காட்ட ஆசைப்பட்டோம். லேபில் ஒதுக்கிப் போட்டிருந்த மூன்று பழைய டெஸ்க்டாப்புகளைத் தூசி தட்டி, உபுண்டு போட்டு, மூன்றையும் ஒரே கிளஸ்டராக இணைத்தோம். அதன் மேல் குபெர்னெட்டிஸ்.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பயப்பட வேண்டாம். கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் பரிமாற ஐந்து பேர் வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டால் போதும். ஒருவர் நைசாகப் போய் உட்கார்ந்துவிட்டால் இன்னொருவரை இழுத்துவந்து நிறுத்திவிடுவார். எந்த நேரமும் ஐந்து பேர் நிற்பார்கள். இங்கே பரிமாறுகிறவர்தான் கண்டெய்னர், அதாவது தனக்கு வேண்டியதையெல்லாம் தன்னோடு கட்டி எடுத்துவரும் ஒரு புரோகிராம் டப்பா. அந்த மேற்பார்வையாளர்தான் குபெர்னெட்டிஸ். 2014-இல் கூகுள் வெளியிட்டது. 2015-இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. பெயர் கிரேக்க மொழி. கப்பல் ஓட்டுபவன் என்று பொருள். நம் தமிழில் அழகாக ஒரு சொல் இருக்கிறதே, மீகாமன், அதேதான்! நாங்கள் போட்டது அதன் இளைத்த வடிவமான கே3எஸ். பழைய கம்ப்யூட்டர் தாங்க வேண்டாமா?

மீகாமனுக்குக் கட்டளை சொல்ல ஒரு கருவி உண்டு. அதைச் சிலர் "கியூப் கட்டில்" என்று உச்சரிப்பார்கள். எங்களுக்கு வசதியாகப் போயிற்று. "கட்டில்ல போடுடா", "கட்டில்ல பார்றா" என்று லேப் முழுக்க ஒரே கட்டில் பேச்சு. வெளியே இருந்து கேட்டவர்கள் என்ன நினைத்தார்களோ!

தொல்லை வேறு இடத்தில் வந்தது. ஒவ்வொன்றையும் யாமல் என்ற கோப்பில் எழுதித் தரவேண்டும். புரோகிராமுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று, பாஸ்வேர்டுக்கு ஒன்று, சேமிக்கும் இடத்துக்கு ஒன்று என்று மொத்தம் ஒன்பது கோப்புகள். யாமலில் இடைவெளி ஒன்று தள்ளினாலும் அர்த்தம் மாறிவிடும். டேப் கீயைத் தட்டி நகர்த்தினாலோ ஏற்காது. ஒரு போர்ட் எண்ணை மாற்ற மூன்று கோப்புகளைத் திறக்கவேண்டும். இரண்டில் மாற்றிவிட்டு மூன்றாவதை மறந்து, இரவு ஏழு மணிவரை தலையைப் பிய்த்துக்கொண்ட நாட்கள் உண்டு.

ஒருநாள் லேப் சார் எட்டிப் பார்த்தார். "இன்னமுமா ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டிருக்கீங்க? ஹெல்ம் போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஹெல்ம் என்றால் சுக்கான். மீகாமன் கையில் சுக்கான் இல்லாமல் எப்படி? உபுண்டுவில் 'ஆப்ட்' இருப்பதுபோல, குபெர்னெட்டிஸுக்கு இது பேக்கேஜ் மேனேஜர். மறுபடியும் கல்யாண சமையலுக்கே வருவோம். சமையல்காரர் சாமான் பட்டியல் ஒன்று வைத்திருப்பார். இருநூறு பேர் என்றால் அதற்கேற்ற அரிசி பருப்பு, ஐந்நூறு பேர் என்றால் அதற்கேற்றது. பட்டியல் ஒன்றுதான், ஆள் கணக்கு மட்டும் மாறும். ஹெல்மில் அந்தப் பட்டியலுக்கு 'சார்ட்' என்று பெயர். மாறுகிற கணக்குகளை 'வேல்யூஸ்' என்ற ஒரே கோப்பில் எழுதுகிறோம். அந்தப் பட்டியலை வைத்து நடத்திய ஒவ்வொரு கல்யாணமும் ஒரு 'ரிலீஸ்'. போர்ட் எண்ணை இனி ஒரே இடத்தில் மாற்றினால் போதும். புதுப் பதிப்பு சொதப்பினால் 'ரோல்பேக்' என்று ஒரு வார்த்தை, பழையதற்குத் திரும்பிவிடலாம்.

கேட்கவே இனித்தது. உடனே உட்கார்ந்தோம்.

* * *

முதல் அடி இறக்கும்போதே விழுந்தது. கோப்பின் பெயரில் "லினக்ஸ் ஏஎம்டி64" என்று இருந்தது. ஹாஸ்டல்காரன், "டேய், நம்மது இன்டெல் சிப்புடா, ஏஎம்டி எப்படி ஓடும்?" என்றான். அரைமணி நேரம் "இன்டெல்" என்ற பெயரில் கோப்பு தேடினோம். இல்லவே இல்லை! அந்த 64 பிட் அமைப்பை முதலில் வகுத்தது ஏஎம்டி, அதனால் பெயர் அப்படி நின்றுவிட்டது, இன்டெல்லுக்கும் அதுவேதான் என்று பிறகுதான் புரிந்தது.

இறக்கிய கோப்பைச் சரிபார்க்க அதனோடு ஒரு செக்சம் தருகிறார்கள். 64 எழுத்து நீளம். நம் கணினியில் கணக்குப் போட்டு இரண்டும் ஒன்றா என்று பார்த்தால், வழியில் யாரும் கைவைக்கவில்லை என்று தெரியும். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தோம். பெருமைக்குச் சொல்லவில்லை. அன்று நாங்கள் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான். கோப்பை விரித்து, உள்ளே இருந்த ஹெல்ம் என்ற ஒற்றைக் கோப்பை அதற்குரிய டைரக்டரியில் வைத்தோம். "ஹெல்ம் வெர்ஷன்" என்று அடித்தால் பதிப்பு எண் 3 என்று ஆரம்பித்து வந்தது. பஸ்காரன் கைதட்டினான்.

அடுத்தது "ஹெல்ம் இனிட்". எங்கள் கையில் இருந்த குறிப்பில் அப்படித்தான் இருந்தது. கணினி, அப்படி ஒரு கட்டளையே எனக்குத் தெரியாது என்றது. எழுத்துப்பிழையோ என்று நான்கு முறை அடித்தோம். நான்கு முறையும் அதே பதில். கடைசியில் பஸ்காரன்தான் குறிப்பின் தேதியைப் பார்த்தான். 2018!

விஷயம் இதுதான். ஹெல்ம் 2015-இல் டெய்ஸ் என்ற நிறுவனத்தில் பிறந்தது. இரண்டாம் பதிப்பில் கிளஸ்டருக்குள்ளேயே 'டில்லர்' என்று ஒரு ஆளை உட்கார வைத்திருந்தார்கள். டில்லர் என்றால் சுக்கானின் கைப்பிடி. "ஹெல்ம் இனிட்" போட்டால் அந்த ஆள் உள்ளே போய் உட்காருவார். நாம் ஹெல்மிடம் சொல்ல, ஹெல்ம் டில்லரிடம் சொல்ல, டில்லர் வேலையை முடிப்பார். வேலை நடக்கவேண்டுமே என்று பலரும் அவருக்குக் கிளஸ்டர் முழுவதற்குமான அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் டில்லரோடு பேச முடிந்தவனெல்லாம் ராஜா! இது ஆபத்து என்றுதான் 2019 நவம்பரில் வந்த மூன்றாம் பதிப்பில் டில்லரையே தூக்கிவிட்டார்கள். அதன்பிறகு ஹெல்முக்கென்று தனி அதிகாரம் கிடையாது. யார் ஓட்டுகிறார்களோ, அவர்கள் கையில் இருக்கும் சாவிதான் அதற்கும் சாவி. 2025 நவம்பரில் நான்காம் பதிப்பும் வந்துவிட்டது. அதிலும் டில்லர் கிடையாது.

இதைப் படித்தபோது "ஓஹோ" என்றேன். ஒரு வரி விடாமல் படித்தேன், புரிந்தது என்றும் நினைத்தேன். புரியவில்லை என்பது மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது.

இனிட் தேவையில்லை என்று தெரிந்ததும் நேராக "ஹெல்ம் லிஸ்ட்" அடித்தோம். 'கிளஸ்டரை எட்ட முடியவில்லை, 8080 என்ற போர்ட்டில் இணைப்பு மறுக்கப்பட்டது' என்றது. எங்கள் கிளஸ்டர் இருப்பதோ 6443-இல். சாவிக் கோப்பு எங்கே இருக்கிறது என்று நாம் சொல்லாததால், ஹெல்ம் ஏதோ ஒரு கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறது. கே3எஸ் தன் சாவியைத் தனி டைரக்டரியில் வைக்கும். இடத்தைக் காட்டினோம். இப்போது 'அனுமதி இல்லை' என்றது. அந்தக் கோப்பை ரூட் மட்டும்தான் படிக்கலாம்.

மணி ஆறே முக்கால். பஸ்காரனுக்கு ஏழு மணி வண்டி. "644 போட்டு விடுடா, எல்லாரும் படிக்கலாம்னு ஆயிடும், வேலை முடிஞ்சது" என்றேன். ஆமாம், சொன்னது நான்தான். சாவிக் கோப்புக்கு 644 போட்டேன். தினமும் இடம் சொல்வானேன் என்று, அந்தக் கணினியில் யார் உள்ளே வந்தாலும் சாவியின் இடம் தானாகத் தெரியும்படி பொதுக் கோப்பில் ஒரு வரியும் சேர்த்தேன். ஜூனியர்களும் பயிற்சி எடுக்கிற கணினி அது.

ஹெல்ம் ஓடியது! எல்லா நேம்ஸ்பேஸையும் காட்டு என்றதும், நாங்கள் எதுவுமே போடாதபோது பட்டியலில் 'டிராஃபிக்' என்று ஒரு பெயர் நின்றது. கே3எஸ் தானாகவே ஒரு சார்ட்டை உள்ளே போட்டு வைத்திருக்கிறது. நமக்கு முன்பே யாரோ பந்தியில் துண்டு போட்டு இடம் பிடித்த கதை! சிரித்தோம். பட்டியலுக்கு மேலே "வார்னிங்" என்று இரண்டு வரிகள் வந்தன. பட்டியல் வந்துவிட்டதே, அந்த வரிகளை யார் படிக்கிறார்கள்?

* * *

அடுத்த மூன்று வாரம் ராஜபோகம். ஒன்பது கோப்புகளை ஒரே சார்ட்டாக்கினோம். எங்கள் நேம்ஸ்பேஸுக்கு 'டெஸ்ட்' என்று பெயர் வைத்தோம். "அப்புறம் நல்ல பேரா மாத்திக்கலாம்" என்றோம், மாற்றவில்லை. மாலை வேளைகளில் நூலகப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒருவன் படிக்க, இன்னொருவன் அடிக்க, சுமார் 1,400 புத்தகங்களை நேராக எங்கள் புரோகிராமிலேயே ஏற்றினோம். சில பக்கங்கள் தொட்டாலே பொடிந்துவிடும் நிலை. நூலகர் ஐயா, "மெதுவாத் திருப்புங்க தம்பி" என்று பக்கத்திலேயே நிற்பார்.

மாதிரித் தேர்வுக்கு நான்கு நாள் முன்பு காலையில் வந்து பார்த்தால் பக்கம் திறக்கவில்லை. நேம்ஸ்பேஸே இல்லை! ஹாஸ்டல்காரன் பதறாமல், "ரோல்பேக் இருக்குல்ல, பண்ணுடா" என்றான். பண்ணினேன். 'அப்படி ஒரு ரிலீஸ் இல்லை' என்று பதில். மூன்றாம் பதிப்பிலிருந்து ஹெல்ம் தன் வரலாற்றை அந்தந்த நேம்ஸ்பேஸுக்குள்ளேதான் எழுதி வைக்கிறது. வீடு எரிந்தபோது பத்திரமும் வீட்டுக்குள்ளேயே இருந்தது!

சரி, புதிதாகவே போடலாம் என்று "ஹெல்ம் இன்ஸ்டால்" கொடுத்தோம். இரண்டு நிமிடத்தில் எல்லாம் எழுந்து நின்றன. பக்கம் திறந்தது. அப்பாடா என்றோம். மொத்தப் புத்தகங்கள் என்ற இடத்தில் 0 என்று இருந்தது.

நேம்ஸ்பேஸ் போனால் அதற்குள் கேட்டு வாங்கிய சேமிப்பிடமும் போகும். கே3எஸ்ஸில் இயல்பாக இருக்கும் ஏற்பாட்டில் அதிலிருந்த டேட்டாவும் சேர்ந்து அழியும். சார்ட் பாத்திரத்தைத் திரும்பத் தரும். பாத்திரத்தில் நாம் சமைத்து வைத்ததைத் தராது.

யார் செய்தது என்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டாமாண்டுத் தம்பி ஒருவன் தானே வந்து நின்றான். "அண்ணா, நேத்து டிஸ்க் ஃபுல்னு வந்துச்சுண்ணா. பார்த்தா டெஸ்ட்னு ஒண்ணு இருந்துச்சு. பழைய பிராக்டிஸ் எதுவோன்னு நினைச்சு நான்தான் எடுத்துட்டேன்."

அப்போது நான் பேசியதை இந்த மலரில் அச்சிட முடியாது. லேபில் இருபது பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவன் தலை குனிந்து நின்றான். கண் கலங்கியதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டு வந்த லேப் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவன் கணக்குல இருந்து உங்க நேம்ஸ்பேஸை அழிக்க எப்படிப்பா முடிஞ்சுது?"

எனக்குப் பதில் வரவில்லை. "ஹெல்ம் லிஸ்ட் போடு, பார்ப்போம்" என்றார். போட்டேன். வழக்கம்போல மேலே இரண்டு வரிகள்.

"இது என்னப்பா மேல?"

"அது எப்பவும் வரும் சார்."

"எப்பவும் வரும்னா? சத்தமாப் படி."

படித்தேன். குபெர்னெட்டிஸ் சாவிக் கோப்பைக் குழுவில் உள்ளவர்கள் படிக்க முடிகிறது, இது பாதுகாப்பற்றது. அடுத்த வரி, உலகில் யார் வேண்டுமானாலும் படிக்க முடிகிறது, இது பாதுகாப்பற்றது. எந்தக் கோப்பு என்று இடமும் போட்டிருந்தது. மூன்று வாரமாக ஒவ்வொரு முறையும் ஹெல்ம் என்னிடம் இதைத்தான் சொல்லியிருக்கிறது. டில்லரை ஏன் தூக்கினார்கள் என்று படித்து "ஓஹோ" போட்டவன், 644 என்ற மூன்று எண்ணில் லேப் முழுவதையும் டில்லர் ஆக்கி வைத்திருக்கிறேன்! அந்தத் தம்பி திறந்திருந்த கதவு வழியாகப் போனான். 'டெஸ்ட்' என்று பெயர் எழுதியிருந்ததை டெஸ்ட் என்று நம்பினான். பூட்டைத் திறந்து போட்டவன் நான், கத்தியவனும் நான்.

* * *

அன்று மாலை அவனைத் தேடி ஹாஸ்டலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பது வைவாவை விடக் கஷ்டம் நண்பர்களே! "தப்பு என்னோடதுடா தம்பி" என்று சொல்லி முடிப்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவன், "பரவால்லண்ணா, நானும் கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்" என்றான். சும்மா வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கத்தினதைக் கேட்ட இருபது பேர் முன்னால் சொல்லவேண்டும் என்று தோன்றியது. மறுநாள் லேபில் சொன்னேன்.

சார் விடவில்லை. "சாவியை எல்லாரும் பார்த்தாச்சு. கோப்பை மூடினாப் போதாது, பூட்டையே மாத்துங்க" என்றார். கே3எஸ்ஸை நீக்கிப் புதிதாகப் போட்டோம், புதுச் சாவி வந்தது. இந்த முறை அதன் பிரதி ஒன்றை என் கணக்கின் சொந்த டைரக்டரியில் வைத்து, நான் மட்டும் படிக்கும்படி 600 போட்டேன். பொதுக் கோப்பில் சேர்த்த வரியை எடுத்தேன். ஜூனியர்கள் ஒவ்வொருவருக்கும் தனி நேம்ஸ்பேஸ், அதற்குள் மட்டும் செல்லுபடியாகும் தனிச் சாவி. எங்கள் நேம்ஸ்பேஸுக்கு 'நூலகம்' என்று பெயர். தினமும் மாலை டேட்டாபேஸின் பிரதி ஒன்று வேறு கணினிக்குப் போகும். இதற்கெல்லாம் ஆன நேரம் ஒரு மதியம். அன்று ஏழு மணி பஸ்ஸுக்காக நான் மிச்சம் பிடித்தது பத்து நிமிடம்!

முதல் 300 புத்தகங்கள் மட்டும் ஹாஸ்டல்காரனின் பென் டிரைவில் எக்ஸெல்லாக இருந்தன. மீதியை மறுபடி அடித்தோம். இந்த முறை நாங்கள் மூன்று பேர் இல்லை, ஐந்து பேர். அந்தத் தம்பி தன் நண்பன் ஒருவனையும் அழைத்து வந்திருந்தான். ஒன்பது மாலைகள். மாதிரித் தேர்வில் பாதிப் புத்தகத்தோடுதான் நின்றோம். எக்ஸ்டர்னல் வருவதற்குள் முழுதும் ஏறிவிட்டது. நூலகர் ஐயா மறுபடியும் பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா" என்றார். அவர் பதிவேட்டுக்குத்தான் சொன்னார். எனக்கும் சேர்த்துச் சொன்னது போல இருந்தது.

தோழர்களே, ஹெல்ம் போடுவது பெரிய வித்தை இல்லை. கோப்பை இறக்கு, செக்சம் பார், இடத்தில் வை, அவ்வளவுதான். நம் அடுத்த செட் இதை அரைமணி நேரத்தில் செய்துவிடும். ஆனால் கையில் உள்ள குறிப்பு எந்த ஆண்டினுடையது என்று முதலில் பாருங்கள். 'அனுமதி இல்லை' என்று கணினி சொன்னால், கதவைப் பெயர்ப்பதற்கு முன் அந்தக் கதவு எதற்காக இருக்கிறது என்று கேளுங்கள். எப்பவும் வருகிற வரியை ஒருமுறையாவது சத்தமாகப் படியுங்கள்.

புதிய ஏற்பாடு முடிந்த அன்று அந்தத் தம்பியை அவன் கணக்கில் உட்காரவைத்தேன். கட்டிலில் ஒரு கட்டளை உண்டு, நேம்ஸ்பேஸை அழிக்க எனக்கு முடியுமா என்று கேட்கலாம். "அடிச்சுப் பார்றா" என்றேன். அடித்தான். 'நோ' என்று வந்தது.

"இப்பதான்ணா நிம்மதியா இருக்கு" என்றான்.

எனக்கும்தான்.